ஆசிரியர்மாரே, அந்த மரணத்துக்குப் பிறகு என்ன நடந்தது?

யாழ்ப்பாணத்தில் நாளிதழ், செய்தி இணையத்தளம், யூடியூப் சனல் நடத்தும் ஆசிரியர்மாருக்கு,

வணக்கம்.

இது ஒரு வாசகனின் முறைப்பாடு. ஆஸ்பத்திரிச் செய்திகளைப் பற்றியது. ‘காய்ச்சலுடன் சென்ற இளம் தாய் மரணம்: வைத்தியர்களின் அசமந்தமா?’ என்ற மாதிரித் தலைப்புகளை நீங்கள் ஓயாமல் போடுகிறீர்கள். அந்தக் கேள்விக்குறிக்குப் பதிலாக வந்த செய்தியைத் தேடினால் கிடைப்பதில்லை. மரண விசாரணை என்ன சொன்னது? சுகாதாரத் திணைக்களம் விசாரணைக் குழு போட்டதா? போட்டிருந்தால் அதன் அறிக்கை யாருடைய மேசையில் கிடக்கிறது? ஒன்றும் தெரியாது. அதற்குள் அடுத்த மரணம் வந்துவிடும், அடுத்த கேள்விக்குறியும் வந்துவிடும்.

எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். ஆஸ்பத்திரியின் பெயரையும் தளத்தின் பெயரையும் விடுவோம். அந்தக் குடும்பம் ஏற்கெனவே போதுமான அளவு ஊர்வாயில் விழுந்துவிட்டது. அந்த வீட்டு அக்கா இரவில் வாட்டில் இறந்தார். விடிவதற்குள் ஒரு இணையத்தளத்தில் அவருடைய படத்துடன் செய்தி, ஊசி போட்ட கையோடு உயிர் போனது என்று. எழுதியவர் வீட்டாருடன் கதைக்கவில்லை. வாட்டுக்கு வெளியே நின்ற யாரோ சொன்னதை அப்படியே போட்டிருந்தார். பிறகு திடீர் மரண விசாரணை நடந்தது. காரணம் இதய நோய் என்று தாளில் எழுதிக் கொடுத்தார்கள். தாள் ஆங்கிலத்தில் இருந்தது, அதை இருத்திவைத்து விளங்கப்படுத்த ஆஸ்பத்திரியில் ஒருவருக்கும் நேரமிருக்கவில்லை. இன்றும் அங்கே போனால் மகன் போனைத் திறந்து அந்தச் செய்தியைத்தான் காட்டுவான். தாய் எப்படிச் செத்தார் என்பது பற்றி அவன் கையில் தமிழில் இருப்பது அது ஒன்றுதான்.

மருத்துவர்களுக்காக வக்காலத்து வாங்க வந்திருக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். தவறுகள் நடக்கின்றன, சில வேளை பாரதூரமான தவறுகள். கேட்டால் ‘விசாரிக்கிறோம்’ என்பார்கள், அதோடு கதை முடியும். அரச ஊழியர் ஊடகத்துடன் பேசுவதைத் தாபன விதிக்கோவை கட்டுப்படுத்துகிறது என்பது உண்மைதான். ஆனால் அது நல்ல ஒளிப்பிடமாகவும் ஆகிவிட்டது. அவர்கள் வாய் திறக்காததால் நீங்கள் ஊகிக்கிறீர்கள். நீங்கள் ஊகிப்பதால் அவர்கள் இன்னும் இறுக்கி மூடுகிறார்கள். ஊகத்தை விட்டால் வழியில்லை என்று நீங்கள் சொல்ல முடியாது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. ஒரு விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்தால், தருவதா மறுப்பதா என்று 14 வேலை நாட்களுக்குள் தகவல் அதிகாரி தீர்மானிக்க வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம். ஒவ்வொரு மரணத்துக்கும் ஒரு விண்ணப்பம் போட்டிருந்தால் இவ்வளவு நாளில் உங்களிடம் ஒரு அலுமாரி நிறையக் கோப்பு இருந்திருக்கும்.

2024 ஜூலையில் சாவகச்சேரியில் நடந்தது நினைவிருக்கும். ஆதார வைத்தியசாலைக்குப் பொறுப்பாக வந்த மருத்துவர் ஒருவர் முகநூல் நேரலையில் பேசத் தொடங்கினார். கட்டடம் இருக்கிறது, கருவி இருக்கிறது, பிரிவுகள் இயங்கவில்லை, நோயாளரை யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள் என்பது குற்றச்சாட்டின் சாரம். சனம் திரண்டு ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தது, கடைகள் பூட்டப்பட்டன. அதே வருடம் நவம்பரில் அந்த மருத்துவர் யாழ்ப்பாண மாவட்டத்திலிருந்து சுயேச்சையாக நாடாளுமன்றம் போனார். அவர் சொன்னவற்றில் எது சரி, எது பிழை என்பது எனக்கு இங்கே முக்கியமில்லை. அவர் சொல்லும்வரை அந்தக் கட்டடங்களைப் பற்றி நாங்கள் ஏன் உங்களிடமிருந்து கேள்விப்படவில்லை என்பதுதான் என் கேள்வி. சாவகச்சேரி இருக்கும் தென்மராட்சியில் உங்களுக்கு நிருபர்கள் இல்லையா? திறப்பு விழாவுக்கு வந்து நாடா வெட்டும் படம் எடுத்தவர், ஒரு வருடம் கழித்து அதே கதவைத் தட்டிப் பார்த்திருக்கலாமே. நேரலை தொடங்கிய பிறகும் பெரும்பாலானவர்கள் செய்தது, அதை வெட்டி ஒட்டி மறுபடி ஓடவிட்டதுதான். ‘அவர் சொன்னார், இவர் மறுத்தார்’ என்று கிழமைக்கணக்கில் வந்தது. இயங்காத பிரிவு எது, அதற்கு எத்தனை தாதியர் தேவை, எத்தனை பேர் நியமிக்கப்பட்டார்கள் என்று தேடியவனுக்கு ஒன்றும் அகப்படவில்லை.

ஆளணிக் கதை அலுப்பானது, யாரும் பகிர மாட்டார்கள் என்று சொல்வீர்கள். சரி. ஆனால் அதற்குள்தான் முழு அரசியலும் கிடக்கிறது. யாழ் போதனா வைத்தியசாலை மத்திய சுகாதார அமைச்சின் கீழ் வருகிறது. சாவகச்சேரி, மந்திகை, தெல்லிப்பழை, ஊர்காவற்றுறை ஆதார வைத்தியசாலைகளும் சிறிய ஆஸ்பத்திரிகளும் மாகாணத்தின் கீழ் வருகின்றன. 2013 செப்டெம்பரில் தெரிவான வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன் பிறகு சபையும் இல்லை, மாகாண சுகாதார அமைச்சரும் இல்லை, ஆளுநர்தான். மந்திகையில் மருந்து இல்லையென்றால் எந்த வாக்காளர் யாருடைய சட்டையைப் பிடிப்பது? மாகாண சபை வேண்டுமா வேண்டாமா என்று உங்கள் பத்திகளில் 13ஆம் திருத்தத்தைப் பக்கம் பக்கமாக அலசுகிறீர்கள். நெடுந்தீவில் பிரசவ வலி வந்த ஒருத்தி குறிகாட்டுவானுக்குப் படகு ஏறும்வரை அந்தத் திருத்தத்துக்கு என்ன பொருள் என்று ஒருவரும் எழுதுவதில்லை. அதிகாரப் பகிர்வைப் பற்றி எழுத ஆஸ்பத்திரியைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

தெற்கைப் பார்த்து நாங்கள் தலையில் அடித்துக்கொண்ட நாட்கள் உண்டு. 2019 மே 23ஆம் திகதி ஒரு சிங்கள நாளிதழ், முஸ்லிம் மருத்துவர் ஒருவர் 4,000 சிங்களத் தாய்மாருக்குக் கருத்தடை செய்தார் என்று முதல் பக்கத்தில் போட்டது. அடுத்த நாளே குருநாகலில் ஒரு மருத்துவர் கைதானார். ஆதாரம் இல்லை என்று குற்றப் புலனாய்வுத் திணைக்களமே நீதிமன்றத்தில் சொன்ன பிறகும், அவர் திரும்ப வேலைக்குச் சேர வருடங்கள் பிடித்தன. 2020 டிசம்பரில் கேகாலையில் ஒருவர் காய்ச்சிய பாணி கொரோனாவுக்கு மருந்து என்று தொலைக்காட்சிகள் கொண்டாடின, சனம் தொற்றுக்காலத்தில் முண்டியடித்தது. அதைக் குடித்துக் காட்டிய சுகாதார அமைச்சருக்கே அடுத்த மாதம் தொற்று வந்தது. நாங்கள் சிரித்தோம்.

அந்தக் கருத்தடைச் செய்தியில் இனவாதம் இருந்தது, எங்களிடம் இல்லை என்பது சரி. அவசரம் இரண்டு பக்கமும் ஒன்றுதான். 2024 நவம்பர் வெள்ளத்துக்குப் பிறகு, டிசம்பரில் காய்ச்சல் வந்து ஆட்கள் இறந்தபோது ‘மர்மக் காய்ச்சல்’ என்று எத்தனை பேர் எழுதினீர்கள்! எலிக்காய்ச்சல் என்று மருத்துவர்கள் கண்டுபிடித்துச் சொன்ன பிறகும் அந்த மர்மம் தலைப்புகளை விட்டுப் போக நாள் எடுத்தது. வயலில் இறங்கும் ஒருவருக்கு அந்த நேரத்தில் தேவைப்பட்டது இரண்டு வரி: எலிக்காய்ச்சலைத் தடுக்கும் டொக்சிசைக்கிளின் குளிசையைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டு வாங்குங்கள், காய்ச்சல் கண்டால் பனடோல் போட்டுக்கொண்டு வீட்டில் இருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அந்த இரண்டு வரியைப் பெட்டி கட்டிப் போட்டவர்களும் உங்களில் இருந்தார்கள், அதற்கு நன்றி.

கொழும்பிலிருந்து வரும் செய்தியை மொழிபெயர்த்துப் போட்டு நிறுத்திவிடுவது இன்னொரு பழக்கம். 2023இல் தரமற்ற இம்யூனோகுளோபுலின் ஊசிமருந்து விவகாரம் வெளிவந்தது. முன்னாள் சுகாதார அமைச்சர் 2024 பெப்ரவரி 2ஆம் திகதி கைதானார், அதைப் பெரிதாகப் போட்டீர்கள். அந்தக் குப்பிகள் வடக்குக்கு வந்தனவா, வந்திருந்தால் எந்த வாட்டில் யாருக்கு ஏற்றப்பட்டன என்று எங்கும் வாசித்த நினைவு எனக்கில்லை.

இதையெல்லாம் உங்களிடம் கேட்க எனக்குக் கொஞ்சம் கூச்சமும் உண்டு. 1981இல் யாழ் நூலகத்தை எரித்த அதே நாட்களில் ஈழநாடு பத்திரிகை அலுவலகத்தையும் எரித்தார்கள். பத்திரிகையாளர் நிமலராஜனை 2000 ஒக்டோபர் 19ஆம் திகதி வீட்டில் வைத்துக் கொன்றார்கள். 2006 மே 2ஆம் திகதி உதயன் பத்திரிகை அலுவலகத்துக்குள் புகுந்து இரண்டு ஊழியர்களைச் சுட்டார்கள், 2013 ஏப்ரலில் அச்சு இயந்திரத்துக்கு நெருப்பு வைத்தார்கள். யாழ்ப்பாணத்தான் பேப்பரை நம்பியதற்கு இதெல்லாம் காரணம். இப்போதும் நிருபர்களை விசாரணைக்கு அழைக்கிறார்கள் என்பதும் தெரியும். ஒரே ஆள் பொலிஸ், நீதிமன்றம், கோயில் திருவிழா, விபத்து எல்லாவற்றையும் ஓடி ஓடி எழுதுகிறார், கிடைப்பது சொற்பச் சம்பளம். மரண அறிவித்தல் விளம்பரம் இல்லாவிட்டால் பாதிப் பேப்பர் நின்றுவிடும் (ஆஸ்பத்திரிச் செய்தி விற்பதற்கும் அதுதான் காரணமோ என்று சில வேளை கெட்ட யோசனை வரும்).

என்றாலும் சில விஷயங்களுக்குக் காசு தேவையில்லை. இறந்தவரின் படத்தை வீட்டாரைக் கேட்காமல் போடாதீர்கள். ‘அசமந்தமா?’ என்று கேட்டுத் தலைப்புப் போட்டால், அந்தச் செய்தியின் கீழேயே ஒரு திகதி குறியுங்கள்: இன்ன நாளில் மரண விசாரணை முடிவை வெளியிடுவோம் என்று. அந்த நாளில் முடிவு கிடைக்காவிட்டால் கிடைக்கவில்லை என்றாவது, தர மறுத்தவரின் பதவியோடு போடுங்கள். பிழை உங்களுடையது என்றால், முதல் செய்தி வந்த அதே இடத்தில், அதே அளவு எழுத்தில் திருத்தம் வரட்டும். இணையத்தளக்காரர்கள் செய்தியைச் சத்தமில்லாமல் அழித்துவிடுகிறீர்கள். அது திருத்தம் ஆகாது, ஏனென்றால் ஸ்கிரீன்ஷொட் ஊரெல்லாம் சுற்றிக்கொண்டிருக்கும்.

காசு தேவைப்படும் விஷயம் ஒன்றும் உண்டு. சுகாதாரத்துக்கென்று ஒரு நிருபரை ஒதுக்குங்கள். தனித்தனியாக முடியாவிட்டால் இரண்டு மூன்று பேப்பர் சேர்ந்து ஒருவருக்குச் சம்பளம் கொடுங்கள். கிளினிக் வரிசையில் விடியற்காலை நான்கு மணிக்கு இருப்பவர்களுடன் அவர் கதைக்கட்டும். ‘வெளியில வாங்குங்கோ’ என்று எழுதிக்கொடுக்கும் துண்டுகளை மாதம் மாதம் சேர்க்கட்டும். எந்த மருந்து எத்தனை மாதமாக இல்லை என்பது அந்தத் துண்டுகளிலேயே இருக்கிறது.

எங்கே தொடங்குவது என்று கேட்டால், சாவகச்சேரியில் தொடங்கலாம். 2024 ஜூலையில் இயங்கவில்லை என்று சொல்லப்பட்ட ஒவ்வொரு பிரிவும் இன்று இயங்குகிறதா? ஒரு நிருபரும் ஒரு பகலும் போதும்.

இப்படிக்கு,
கோண்டாவிலிலிருந்து ஒரு வாசகன்