மெடிக்கல் முதல்ல, பணம் அப்புறம்

அன்புள்ள தம்பிக்கு,

நீ போன் எடுக்காததால எழுதுறேன். எதிர்வீட்டு மாமா இன்னைக்கு சேது எக்ஸ்பிரஸ்ல ஏறுறார். அவர் கையில பார்சல் கொடுத்திருக்கேன், இந்தக் கடிதம் மேலேயே இருக்கும். நெத்திலிக் கருவாடு அரைக் கிலோ, சீலாக் கருவாடு நாலு துண்டு, அடியில முண்டு மிளகாய். அப்பா நல்லா இருக்கார். தடைக்காலம்ல, ஜூன் 14 வரைக்கும் படகு கரையிலதான். பெயின்ட் வேலை ஓடுது. அக்கா மகனுக்கு முன்பல் விழுந்துடுச்சு. ஊர்ச் சேதி அவ்வளவுதான்.

நீ டெக் கேடட் கோர்ஸ்ல, அதான் கப்பல் ஓட்டுற ஆபீசர் ஆகுற படிப்புல, சேரப் போறியாம். சீட்டைப் பிடிச்சு வைக்க இந்த மாசக் கடைசிக்குள்ள பணம் கட்டணும்னு யாரோ சொன்னாங்களாம். அக்கா சொல்லித்தான் தெரியும். பாம்பன்ல பாதிப் பயலுகளுக்குப் பாஸ்போர்ட்டும், மாலுமிக்கான சி.டி.சி. புத்தகமும், விண்ணப்பம் போடுற நம்ம சென்டர்ல உட்கார்ந்து நான்தான் போட்டுக் கொடுத்திருக்கேன். என் பிள்ளையோட ஃபார்மை யாரோ போடுறாங்க. சரி, அதை விடு. பணம் மட்டும் இன்னும் கட்டலைன்னா கட்டாத. மெடிக்கல் முதல்ல, பணம் அப்புறம்.

வரிசை மாறினா என்ன ஆகும்னு சொல்றேன். நீ சேரப் போற படிப்புக்கு டி.என்.எஸ்.னு பேரு, கரையில ஒரு வருஷம். அதுக்கு மேல 18 மாசம் கப்பல்ல டிரெய்னியா ஓடணும். அந்த 18 மாசம் முடிஞ்சாத்தான் ஆபீசர் ஆகுறதுக்கான செகண்ட் மேட் பரீட்சை எழுத முடியும். அதனாலதான் சேரும்போதே ஒரு கப்பல் கம்பெனியோட ஸ்பான்சர் லெட்டர் கேட்கிறாங்க. அந்த லெட்டர் பொய்யா இருந்தா படிப்பு முடியும், கப்பல் கிடைக்காது. லட்சக்கணக்குல கட்டிட்டு ஒரு வருஷத்தையும் தொலைச்ச பிள்ளை, இன்னொரு ஏஜென்ட் வாசல்ல போய் நிற்பான். ஐ.எம்.யு.ங்கிற கடல்சார் பல்கலைக்கழகத்தோட நுழைவுத் தேர்வு எழுதாம சீட்டுன்னு ஒருத்தன் சொன்னா அங்கேயே எழுந்து வந்துடு. உன் பி.எஸ்சி. இயற்பியல் மார்க்குக்கு நீ யார் தயவும் இல்லாம விண்ணப்பம் போடலாம். அந்த மார்க் ஷீட்டை சென்டர்ல லேமினேட் பண்ணி நான்தான் வச்சிருக்கேன். வர்றவங்ககிட்ட எல்லாம் காட்டியிருக்கேன், அது உனக்குத் தெரியாது.

கப்பலுக்கு ஆள் எடுக்கிற கம்பெனிக்கு ஆர்.பி.எஸ்.எல்.ங்கிற அரசு உரிமம் இருக்கணும். நம்பரைக் கேட்டு வாங்கி, டி.ஜி. ஷிப்பிங்ங்கிற மத்திய அரசு கப்பல் துறை தளத்துல நீயே போட்டுப் பாரு. கம்பெனி பேரு ஒரு எழுத்து பிசகாம அதேதானா, முகவரி அதேதானா, உரிமம் எந்தத் தேதி வரைக்கும்னு மூணையும் பாரு. உரிமம் உள்ள கம்பெனி பேரோட ஒரு வார்த்தையைக் கூட்டி விசிட்டிங் கார்டு அடிக்கிறாங்க. வேலை வாங்கித் தர்றதுக்கு மாலுமிகிட்ட பணம் வாங்கவே கூடாதுங்கிறதுதான் விதி. கோர்ஸ் ஃபீஸ்னா கல்லூரி பேருக்குக் கட்டு, ரசீது வாங்கு. தனி ஆள் பேருக்கு ஜி-பே பண்ணாத. அக்கா வளையலைக் கழட்டித் தர்றேன்னு சொன்னாளாம். அதையும் வாங்காத.

பேரையும் பாரு. பத்தாம் வகுப்புச் சான்றிதழ்ல உனக்கு இனிஷியல் மட்டும்தான். பாஸ்போர்ட்ல அப்பா பேரு முழுசா இருக்கு. மாலுமிக்கான அடையாள எண் இருக்கே, இன்டோஸ் நம்பர், அதுக்குப் போடும்போது பாஸ்போர்ட்ல இருக்கிற மாதிரியே போடு. ஒண்ணுல ஒரு மாதிரி இன்னொண்ணுல வேற மாதிரி போட்டா சி.டி.சி. விண்ணப்பம் திரும்பி வரும், திருத்தி வாங்க மாசக்கணக்கா ஆகும்.

இதெல்லாம் மெடிக்கலுக்கு அப்புறம்தான். டி.ஜி. ஷிப்பிங் அங்கீகரிச்ச டாக்டர்கள் பட்டியல் அவங்க தளத்துலயே இருக்கு. பட்டியல்ல இல்லாத டாக்டர் சான்றிதழ் கொடுத்தா செல்லாது. உயரம், எடை, காது, ரத்தம், எக்ஸ்ரே எல்லாம் நீ தேறிடுவ. தூரத்து எழுத்தும் வாசிச்சிடுவ. அதுக்கப்புறம் ஒரு புத்தகத்தைத் திறந்து வைப்பாங்க. இஷிஹாரான்னு பேரு, 1917-ல ஒரு ஜப்பான் டாக்டர் போட்டது. முழுப் புத்தகத்துல 38 படம். வட்டத்துக்குள்ள கலர் கலரா புள்ளி, புள்ளிக்குள்ள ஒரு எண். முதல் படத்துல இருக்கிற 12 எல்லாருக்கும் தெரியும். அடுத்த படத்துல மத்தவங்களுக்கு 8 தெரியும், சிவப்பு பச்சை பிரியாத கண்ணுக்கு அதே இடத்துல 3 தெரியும். அதுக்கப்புறம் 6 இருக்கிற இடத்துல 5, 29 இருக்கிற இடத்துல 70. பார்க்கிறவனுக்குத் தான் தப்பாப் பார்க்கிறோம்னே தோணாது. அவனுக்கும் ஒரு எண் தெரியுதே.

சில பயலுக படத்தை மொபைல்ல வச்சு மனப்பாடம் பண்ணிட்டுப் போறாங்க. டாக்டர் வரிசையை மாத்திக் காட்டினாலே போச்சு. கலர் லென்ஸ் போட்டுப் போகலாம்னு எவனாவது சொல்வான், கப்பல் மெடிக்கல்ல அதுக்கு அனுமதி கிடையாது. ஒருவேளை ஏமாத்தித் தேறினாலும் மறுபடி மறுபடி சோதனை உண்டு. ரெண்டு வருஷமும் அவ்வளவு பணமும் போன பிறகு ஒருநாள் கரையில இறக்கி விடுவாங்க.

அதைவிட, தம்பி, ராத்திரியை நினைச்சுப் பாரு. எதிர்ல வர்ற கப்பலோட இடப்பக்க விளக்கு சிவப்பு, வலப்பக்கம் பச்சை. ரெண்டும் சேர்ந்து தெரிஞ்சா அது நேரா உன்னைப் பார்த்து வருதுன்னு அர்த்தம். உன் வலப்பக்கத்துல குறுக்கே ஒரு சிவப்பு விளக்கு தெரிஞ்சா நீதான் ஒதுங்கணும். மேல பச்சை கீழ வெள்ளைன்னா மடி வலை இழுக்கிற படகு. மேல சிவப்பு கீழ வெள்ளைன்னா வேற வலை போட்டிருக்கிற படகு. சர்வதேச விதி அது. அந்த வலை போட்டிருக்கிற படகுல உன் அப்பா மாதிரி நாலு பேர் அசந்து தூங்கிட்டு இருப்பாங்க. மேல, கப்பலை ஓட்டுற பிரிட்ஜ்ல நிற்கிற ஆள் கலரை ஊகிச்சுச் சொல்ல முடியாது.

இதை ஏன் இவ்வளவு நீட்டுறேன்னு உனக்குப் புரிஞ்சிருக்கும். நீ மூணாங்கிளாஸ் படிக்கும்போது மொட்டைமாடியில மிளகாய் காயப் போட்டிருந்தேன். பழத்தை மட்டும் பொறுக்கித் தனியாப் போடுன்னு உன்கிட்ட முறத்தைக் கொடுத்தேன். நீ ஒவ்வொண்ணா எடுத்து, ரெண்டு விரலுக்கு நடுவுல வச்சு அமுக்கிப் பார்த்துப் பார்த்துப் போட்ட. கண்ணால பார்த்துப் போடவே இல்லை. ஒண்ணுகூடத் தப்பலை. நான் படியில நின்னு பார்த்துட்டே இருந்தேன். உன் தாத்தா, அதான் என் அப்பா, தக்காளி வாங்குற மாதிரியே இருந்துச்சு. தாத்தா ஏன் பகல் தொழிலோட நின்னார்னு உனக்குத் தெரியும்.

எனக்கு அன்னைக்கே தெரியும்டா. ஸ்கூல்ல கண் பரிசோதனை வச்ச அன்னைக்கு உனக்குக் காய்ச்சல்னு சொல்லி வீட்டுல வச்சது நான்தான். ஊர்ல பேரு வச்சிடுவாங்கன்னு பயந்தேன். அப்பாகிட்டயும் சொல்லலை. கப்பல் கப்பல்னு நீ பத்து வருஷமா சொல்லிட்டு இருந்தப்போ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஊர்ப் பிள்ளைங்க ஃபார்ம்ல எல்லாம் கண் பார்வைன்னு வர்ற இடத்துல நிறுத்தி, போய் டெஸ்ட் எடுத்துட்டு வாப்பான்னு அனுப்புற நான், உன்னை மட்டும் அனுப்பலை. நீ மெடிக்கலுக்குப் போயிட்டு வந்துதான் பேசாம இருக்கியோன்னு பதினோரு நாளா எனக்குத் தூக்கம் இல்லை. அப்படின்னா, அது உன் தப்பு இல்லை, அப்பா வழியும் இல்லை. என் வழியா வந்தது. இது தாய்கிட்ட இருந்துதான் மகனுக்கு வரும். தாய்க்குக் கலர் நல்லாத் தெரியும், மகனுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அக்காவுக்கும் என்கிட்ட இருந்து போயிருக்கலாம். அவ மகனையும் பார்க்கணும். அவகிட்ட நானே சொல்லிக்கிறேன், நீ சொல்ல வேண்டாம்.

இப்ப செய்ய வேண்டியது இது. பார்சல் வாங்க எக்மோர் வருவல்ல, அங்கேயிருந்து அரசு கண் ஆஸ்பத்திரி பக்கம்தான். 1819-லேயே ஆரம்பிச்ச ஆஸ்பத்திரி அது. காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு போடு. கலர் பார்வை முழுசாப் பார்க்கணும்னு சொல்லு. இஷிஹாரா குறை இருக்கா இல்லையான்னுதான் சொல்லும், எவ்வளவுன்னு சொல்லாது. பதினஞ்சு கலர் மூடியை வரிசையா அடுக்கச் சொல்ற டி-15 டெஸ்ட் இருக்கு, அதையும் கேளு. ரிசல்ட்டை எழுத்துல வாங்கு. குறை இல்லைன்னு வந்தா நான் கும்பிட்டுக்கிட்டு உன் ஃபார்மை நானே போட்டுத் தர்றேன். குறைன்னு வந்தா டெக் வேண்டாம். இன்ஜின் பக்கமும் கலர் பார்ப்பாங்க. கோஸ்ட் கார்டு, ரயில்வே லோகோ பைலட் எல்லாத்துலயும் கலர் பார்ப்பாங்க, அந்த ஃபார்முக்கெல்லாம் காசு கட்டாத. கப்பல்ல சமையல் பிரிவுன்னு ஒண்ணு இருக்குதான். கப்பல்ல ஏறினாப் போதும்னு அதுக்குப் போகாத. சமையல் பிடிச்சவன் போக வேண்டிய இடம் அது.

உனக்குப் பிடிச்சது எதுன்னு எனக்குக் கொஞ்சம் தெரியும். மாமா படகுல ஆழம் காட்டுற எக்கோ சவுண்டர் 30 மீட்டர்னு காட்டினப்போ, பாக் நீரிணையில இந்த இடத்துல அவ்வளவு ஆழமே கிடையாதுன்னு பன்னிரண்டாவது படிக்கும்போதே சொன்ன. சத்தம் கடல் தண்ணியில நொடிக்கு 1500 மீட்டர் போகும், 10 மீட்டர் ஆழம்னா போய்த் திரும்ப நொடியில நூத்துல ஒரு பங்கு சொச்சம்தான் ஆகும்னு கணக்குப் போட்டுக் காட்டின. மெக்கானிக் மெஷினை மாத்தணும்னார். நீ அடியில குனிஞ்சு பார்த்துட்டு, சத்தம் அனுப்புற டிரான்ஸ்டியூசர் புரொப்பல்லர்கிட்ட இருக்கு, குமிழி போய் அடிக்குது, முகத்துலயும் சிப்பி ஒட்டியிருக்குன்ன. சுரண்டி, முன்னால தள்ளி, முகம் நேராக் கீழே பார்க்கிற மாதிரி மாட்டினாங்க. கேபிளை வெட்டி ஒட்டாதீங்கன்னு கத்தினதும் நீதான். அன்னைக்கு ராத்திரி மாமா போன் பண்ணி, சரியாக் காட்டுதுக்கான்னார். அதுல கலரே கிடையாது தம்பி. சத்தமும் நேரமும்தான்.

கொச்சி குசாட் பல்கலைக்கழகத்துல எம்.எஸ்சி. கடலியல் இருக்கு, ரெண்டு வருஷம். அவங்க நுழைவுத் தேர்வுக்கு சி.ஏ.டி.ன்னு பேரு. இயற்பியல் படிச்ச பிள்ளைங்களுக்கு ஏத்த படிப்பு அது. விண்ணப்பத் தேதி முடிஞ்சிருந்தா அடுத்த வருஷத்துக்குப் படி. அதுக்குள்ள பள்ளிக்கரணையில இருக்கிற கடல் தொழில்நுட்ப நிறுவனம் என்.ஐ.ஓ.டி.யோட இணையதளத்தை வாரம் ஒரு தடவை பாரு. புராஜெக்ட்டுக்கு ஆள் எடுக்கிற அறிவிப்பு வரும். ஒப்பந்த வேலைதான், ஆனா கருவியைத் தொட்டுப் பழகலாம். ஐதராபாத்ல இருக்கிற கடல் தகவல் மையம் இன்காய்ஸ்ல இருந்துதான் மீன் கிடைக்கிற இடம்னு நம்ம ஆளுங்களுக்குத் தகவல் வருது. சாட்டிலைட்ல தண்ணிச் சூட்டையும் பாசி நிறத்தையும் பார்த்துப் போடுறாங்க. படம் கலராத்தான் இருக்கும். எண் எல்லாம் அடியில இருக்கே, நீலம் மஞ்சள்னு மாத்திப் போட்டுக்க வேண்டியதுதான். ரெண்டு வருஷம் சம்பளம் இல்லாம எப்படின்னு யோசிக்காத, அதை அப்பாவும் நானும் பார்த்துக்கிறோம்.

உடனே சம்பாதிக்கணும்னு உனக்கு இருந்தா, படகுல மாட்டுற எக்கோ சவுண்டர், ஜி.பி.எஸ்., வி.எச்.எஃப். ரேடியோ சர்வீஸ் கத்துக்க. மண்டபத்துல இருந்து தொண்டி வரைக்கும் எத்தனை படகு, ரிப்பேர்னா எங்கேயோ அனுப்பிட்டு உட்கார்ந்திருக்காங்க. வயர் கலரை நம்பாத. மல்ட்டிமீட்டர் வச்சு ஒவ்வொண்ணாப் பார்த்து, முனையில நம்பர் டேப் ஒட்டு. கலர் தெரிஞ்சவனும் அப்படித்தான் செய்யணும், உப்புத் தண்ணி பட்ட வயர்ல கலர் எங்கே இருக்கு. குரூப் 4 வேணும்னா எழுது. ரூம்ல நாலு வருஷம் அதையே நம்பி உட்காராத.

பணம் கட்டாத. டெஸ்ட் எடுத்துட்டு ரிசல்ட்டை எனக்கு போட்டோ எடுத்து அனுப்பு. பேசப் பிடிக்கலைன்னா பேச வேண்டாம், போட்டோ மட்டும் போதும்.

மிளகாய்க்கு இந்தத் தடவை வெயில் பத்தலை, ரெண்டு மூணு சரியாக் காயாம கலந்திருக்கும். அமுக்கிப் பாரு, மெத்துனு இருக்கிறதை முதல்ல எடுத்துக் குழம்புல போட்டுடு. இல்லாட்டி மத்ததுலயும் பூசணம் பிடிச்சிடும்.

அம்மா