80-உம் வேண்டாம், 35-உம் வேண்டாம்

டென்வர்,
நவம்பர் முதல் வாரம்

அன்புள்ள சேகர்,

கடிதமும் படங்களும் கிடைத்தன. உன் ஃபோர்டு எஃப்-150 பிக்கப்புக்கு அந்த ஆல்-டெரெய்ன் (எல்லாத் தரைக்குமான) டயர் எடுப்பாகத்தான் இருக்கிறது. "மாட்டு வண்டி மாதிரி குதிக்குதுடா" என்று எழுதியிருக்கிறாயே, அதற்கு டயரைக் குறை சொல்லாதே. கடையில் 80 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற காற்றழுத்தக் கணக்கு) அடித்து அனுப்பியிருக்கிறார்கள். டயரின் பக்கச்சுவரில் 80 என்று அச்சாகியிருப்பது, அந்த டயர் தன் உச்ச சுமையான 3,415 பவுண்டைத் தாங்கத் தேவைப்படும் காற்று. நான்கு டயரும் சேர்ந்தால் 13,000 பவுண்டுக்கு மேல் போகிறது. உன் வண்டி காலியாக ஐந்தாயிரம் பவுண்டு சொச்சம். 80-லேயே ஓட்டினால் பின் டயர்கள் நடுவில் மட்டும் தேயும், மழையில் பிடிப்பும் குறையும்.

அப்படியானால் கதவு ஓரத்து ஸ்டிக்கரில் உள்ள 35-ஐயே வைக்கலாமா என்று கேட்கிறாய். அதுவும் சரிவராது. 35 என்பது வண்டியோடு வந்த பி275/65 ஆர்18 டயருக்கானது. இப்போது நீ மாட்டியிருப்பது எல்டி275/65 ஆர்18, லோடு ரேஞ்ச் ஈ. அளவு ஒன்றுதான், ஜாதி வேறு: பி என்றால் கார் டயர், எல்டி என்றால் லைட் டிரக் டயர். அதே சுமையைத் தூக்க எல்டி டயருக்குக் கூடுதல் காற்று வேண்டும்.

கணக்கைப் பார். பழைய டயரின் லோடு இண்டெக்ஸ் 116. அதாவது 35 பிஎஸ்ஐ-யில் 2,756 பவுண்டு. கார் டயரைப் பிக்கப்பில் மாட்டினால் தாங்கும் எடையை 1.10-ஆல் வகுக்க வேண்டும் என்பது இங்கே விதி. வகுத்தால் 2,505. இதே அளவில் லோடு ரேஞ்ச் சி டயர் ஒன்று விற்கிறது. அதன் இண்டெக்ஸ் 113, 50 பிஎஸ்ஐ-யில் 2,535 பவுண்டு. உன் ஈ டயரும் 50-ல் அதே 2,535-தான் தாங்கும். சுமையைத் தாங்குவது உள்ளே இருக்கும் காற்று. ஈ என்ற எழுத்துக்கு, அதற்கு மேலும் காற்று அடைக்கலாம் என்பதைத் தவிர வேறு பொருள் கிடையாது. பலரும் சறுக்குவது இந்த இடத்தில்தான்: ஈ டயரைக் காட்டி, "பத்து பிளை (பத்து அடுக்கு) டயர், காற்று கம்மியா இருந்தாலும் தாங்கும்" என்பார்கள். தாங்காது, சூடேறும்.

ஆக, 35-க்கு ஈடு 50. வண்டியில் ஆளும் சாமானும் நிறைந்திருந்தாலோ, டிரெய்லர் இழுத்தாலோ, கோடையில் 75 மைல் வேகத்தில் நெடுந்தூரம் போனாலோ 50-க்குக் கீழே இறங்காதே. கடைக்காரரிடம் கேட்டால் எப்போதுமே 50 என்பார், அதில் தப்பில்லை. தினமும் வேலைக்குக் காலி வண்டியில் போய்வர மட்டும் என்றால் என் கணக்கு முன்னால் 42, பின்னால் 40. எல்டி டயர் 40-ல் 2,150 பவுண்டை ஒட்டித் தாங்கும். காலி வண்டியின் முன் டயர் ஒன்றின் மேல் 1,500 பவுண்டு விழுந்தாலே அதிகம்.

இதையும் நான் சொன்னேன் என்று வைக்காதே, எடை போட்டுப் பார். நெடுஞ்சாலை டிரக் ஸ்டாப்களில் கேட் ஸ்கேல் என்ற எடை மேடை இருக்கும். முன் சக்கரம் ஒரு தட்டிலும் பின் சக்கரம் அடுத்த தட்டிலும் நிற்கும்படி ஏற்றி நிறுத்தினால் அச்சுவாரியாகச் சீட்டு தருவார்கள். காலியாக ஒருமுறை, ஊருக்குக் கிளம்பும் சுமையோடு ஒருமுறை போடு. அச்சு எடையை இரண்டால் வகு. ஒரு பக்கம் கனம் கூடியிருக்கும் என்பதால் மேலே 15 சதவீதம் சேர். பிறகு டயர் நிறுவனத்தின் சுமை-அழுத்த அட்டவணையில் அந்த எடைக்கு நேரே என்ன இருக்கிறது என்று பார். அது நான் சொன்னதைவிடக் கூடுதலாக வந்தால் அதையே வை.

சாக்பீஸ் சோதனை பற்றிக் கேட்டிருந்தாய். ட்ரெட்டின் (டயரில் தரையில் படும் பகுதி) குறுக்கே ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புவரை தடிமனாகக் கோடு இழுத்து, சமமான தாரில் நூறடி நேராக ஓட்டிவிட்டு இறங்கிப் பார்ப்பது. நடுவில் மட்டும் அழிந்திருந்தால் காற்று அதிகம், ஓரங்களில் மட்டும் அழிந்திருந்தால் குறைவு. 80-லிருந்து இறங்கி வரும்போது இது நல்ல வழிகாட்டி. ஆனால் ஈ டயரின் பக்கச்சுவர் விறைப்பானது. 30-க்கு வந்தாலும் கோடு அழகாக ஒரே சீராக அழியும். அதை நம்பி நெடுஞ்சாலை ஏறிவிடாதே. சாக்பீஸ் என்ன சொன்னாலும் தார் ரோட்டில் 40-தான் அடிமட்டம்.

டயரில் காற்று குறைந்தால் எரியும் டாஷ்போர்டு விளக்கையும் நம்பாதே. ஸ்டிக்கர் அழுத்தத்தில் 25 சதவீதம் குறைவதற்குள் அது எரிந்தாக வேண்டும் என்பது சட்டம். 35-க்கு அது 26. உனக்கு 50 தேவைப்படும் நாளில் பாதிக் காற்று போகும்வரை விளக்கு வாயைத் திறக்காது. ஃபோர்ஸ்கேன் என்ற மென்பொருளை வைத்து அந்த எண்ணை மாற்றலாம், செய்துவிடு. அந்த விளக்கு வந்த கதை உனக்கும் நினைவிருக்கும். 2000 ஆகஸ்டில் ஃபயர்ஸ்டோன் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது, அதில் வில்டர்னெஸ் ஏடி என்ற மாடலும் உண்டு. ஃபோர்டு எக்ஸ்ப்ளோரருக்கு ஃபோர்டு சொன்னது 26, ஃபயர்ஸ்டோன் கேட்டது 30. டயரின் குறையும் உண்டு, ஆனால் குறைந்த காற்று, வெயில், வேகம், சுமை நான்கும் கூடினால் டயருக்குள் இருக்கும் எஃகுப் பட்டை (பெல்ட்) உரிந்து வரும் என்பதை ஊருக்கே காட்டியது அது. அந்த நவம்பரில் சட்டம் வந்தது. அதன் வழியாகத்தான் இந்த விளக்கு புதுக் கார்களுக்கும் உன்னுடையது போன்ற பிக்கப்புகளுக்கும் கட்டாயமானது.

இனி, நீ இங்கே வரும் தேங்க்ஸ்கிவிங் விடுமுறைப் பயணம். ஹூஸ்டனில் காலையில், வண்டி மூன்று மணி நேரமாவது நின்ற பிறகு, நிழலில் வைத்து 50 பிஎஸ்ஐ காற்று அடி. ஓட ஓடச் சூட்டில் ஐந்தாறு ஏறும், அதைப் பிடுங்கிவிடாதே. 80 டிகிரி ஃபாரன்ஹீட்டில் கிளம்பி இங்கே 25 டிகிரி விடியலில் நின்றால் குளிருக்கு ஆறேழு பிஎஸ்ஐ போகும். டென்வர் ஒரு மைல் உயரம், வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு, அதனால் கேஜில் இரண்டரை ஏறும். கூட்டிக் கழித்தால் 46 காட்டும். ஓட்டை என்று பயப்படாதே. 50-க்கு ஏற்றிக்கொண்டு யூட்டாவில் இருக்கும் மோவாபுக்குக் கிளம்பலாம்.

அங்கே மண் ரோட்டில், சலவைப் பலகை மாதிரி வரிவரியாக இருக்கும் இடங்களில், 30-க்கு இறக்கு. வேகம் 35, 40 மைலுக்குள் இருக்கட்டும். பாறை ஏறும்போது 20. ஆழ மணலில் 16, அப்போது 15 மைல் வேகம் போதும். காற்றை இறக்கினால் டயர் தரையில் படும் தடம் பெரும்பாலும் நீளவாக்கில் வளரும், புல்டோசர் சங்கிலி மாதிரி. மணலில் மிதக்க வைப்பது அதுதான். 15-க்குக் கீழே போய் ஸ்டியரிங்கை வெடுக்கென்று ஒடித்தால் டயரின் உள்விளிம்பு (பீடு) ரிம்மை விட்டுக் கழன்றுவிடும், அதை இறுக்கிப் பிடிக்கும் பீட்லாக் உன்னிடம் இல்லை.

கம்ப்ரெசரை சிகரெட் சாக்கெட்டில் செருகாதே, ஃபியூஸ் போய்விடும். நல்ல கம்ப்ரெசர் 20, 30 ஆம்பியர் இழுக்கும், பேட்டரியிலேயே கிளிப் மாட்டு. எஞ்சின் ஓடட்டும். நான்கு டயரையும் 20-லிருந்து 50-க்கு ஏற்ற அரை மணியாவது ஆகும். பிள்ளைகள் பசிக்கிறது என்றாலும் ஏற்றாமல் தாரில் ஏறாதே. வால்வு கோர் (வால்வுக்குள் இருக்கும் ஊசி) நான்கைந்து உபரியாக எடுத்து வா, கழற்றும்போது மணலில் விழுந்தால் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. பேனா மாதிரி இருக்கும் கேஜை வீட்டிலேயே விட்டுவிடு, அது ஆளுக்கு ஒரு எண் சொல்லும்.

படத்தில் இன்னொன்றும் கவனித்தேன். அடியில் தொங்கும் ஸ்டெப்னி பழைய பி டயர்தானே? அதற்கு 35-தான், 50 அடித்துவிடாதே. கிளம்புவதற்கு முன் அதையும் ஒருமுறை இறக்கிப் பார்.

எடைச் சீட்டு வந்ததும் படம் எடுத்து அனுப்பு. வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
பாஸ்கர்