இனி நடக்காது என்று சொன்ன மகளுக்கு

அட்டன்

அன்பு மகளுக்கு,

நாங்கள் சுகம். அப்பாவின் முழங்கால் வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது. போன கிழமை தொலைபேசியில் நீ சொன்னதற்கு அப்போது பதில் சொல்ல வாய்க்கவில்லை. "2022ல் ஒரு ஜனாதிபதியையே சனம் வீட்டுக்கு அனுப்பிவிட்டது, இனி யாரும் இந்த நாட்டில் வாலாட்ட முடியாதும்மா" என்றாய். காலிமுகத்திடல் போராட்டத்தில் நின்றவள் நீ. அந்தப் பெருமை எனக்கும் உண்டு. ஆனால் "இனி முடியாது" என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

உன் தாத்தா 1947ல் முதன்முதலாக வாக்களித்தார். சர்வசன வாக்குரிமை 1931லேயே வந்த நாடு நம் இலங்கை. நுவரெலியாவில் நம் தலைவர் தொண்டமான் வென்றார், மலையகத்தின் வேறு தொகுதிகளிலும் இந்திய வம்சாவளியினரான நம்மவர்கள் வென்றார்கள். பாராளுமன்றத்தில் நமக்கு ஆட்கள் இருக்கிறார்கள், இனி என்ன பயம் என்று தேயிலைத் தோட்ட லயத்தில் எல்லோரும் பேசிக்கொண்டார்களாம். அடுத்த வருடமே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. உன் தகப்பன் இங்கே பிறந்ததைக் காட்டு, இல்லாவிட்டால் தாத்தாவும் பூட்டனும் இங்கே பிறந்ததைக் காட்டு என்றார்கள். தோட்டத்தில் யாரிடம் அந்தப் பத்திரம் இருந்தது? 1949ல் இன்னொரு சட்டம் வந்து வாக்கையும் பறித்தது. 1952 தேர்தலில் தாத்தாவின் பெயர் வாக்காளர் இடாப்பில் இல்லை.

இதற்கு ஒரு துப்பாக்கியும் தேவைப்படவில்லை. எல்லாம் பாராளுமன்றத்தில், பெரும்பான்மை வாக்கோடு, ஒழுங்காக நடந்தது. எந்தச் சமூகத்துக்கும் தனியாகப் பாதகம் செய்யும் சட்டம் கூடாது என்று அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு சொல்லிக்கொண்டுதான் இருந்தது. அதை நம்பி, அப்போது கடைசி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் கோமறைக் கழகம் வரை வழக்காடினார்கள். சட்டம் செல்லும் என்று 1953ல் தீர்ப்பு வந்தது. அப்புறம் 1964ல் இரண்டு அரசாங்கங்கள் உட்கார்ந்து, இந்தியாவுக்கு 525,000 பேர், இங்கே 300,000 பேர் என்று நம்மைப் பங்கு பிரித்தன. தாத்தாவின் தம்பி குடும்பம் அப்படித்தான் கோச்சி ஏறியது. தாத்தா மறுபடி வாக்களித்தபோது அவருக்கு அறுபது தாண்டிவிட்டது.

அந்தக் காலத்தில் எதிர்த்துப் பேசியவர்களும் இருந்தார்கள், செல்வநாயகம் பேசினார், இடதுசாரிகள் பேசினார்கள். ஆனாலும் நாட்டில் முக்கால்வாசிப் பேருக்கு அது தோட்டக்காரர்களின் பிரச்சினை. தங்கள் வாக்கு பத்திரமாக இருக்கிறது என்று இருந்துவிட்டார்கள். 1982ல் என்ன ஆனது? பாராளுமன்றத்தின் ஆயுளை இன்னும் ஆறு வருடம் நீட்டலாமா என்று சர்வசன வாக்கெடுப்பு. நீட்டலாம் என்றால் விளக்கு, வேண்டாம் என்றால் குடம். விளக்கு வென்றது. 1977ல் தெரிவானவர்கள் 1988 முடியும்வரை இருந்தார்கள். நமது தலைவர் தொண்டமானும் அப்போது அமைச்சரவையில் இருந்தார் என்பதை நாம் மறைக்கக் கூடாது. நமக்கு ஏதோ கிடைக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தால் எல்லோருக்கும் உரியது கைநழுவும். வாக்கு பறிபோன நமக்கே அது உறைக்கவில்லை.

இப்போது உனக்குப் பக்கத்தில் வருகிறேன். 2018ல் ஜனாதிபதி பாராளுமன்றத்தைக் கலைத்தபோது ஏழு நீதியரசர்கள் சேர்ந்து அது செல்லாது என்றார்கள். அது பெரிய விஷயம். ஆனால் 2023 மார்ச்சில் நடக்க வேண்டிய உள்ளூராட்சித் தேர்தல் காசில்லை என்று தள்ளிப்போனதே, அது நீ சொல்லும் 2022க்குப் பிறகுதான். அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் சொன்ன பிறகும் தேர்தல் நடக்க 2025 மே ஆனது.

மாகாண சபையை எடுத்துக்கொள். மத்திய மாகாணத்துக்குக் கடைசியாக 2013ல் தேர்தல். 2018ல் காலம் முடிந்தது. நான் படிப்பித்த தோட்டப் பாடசாலை மாகாணத்தின் கீழ்தான் வருகிறது. கணித ஆசிரியர் இல்லை, கூரை ஒழுகுகிறது என்று பெற்றோர் கேட்கப்போனால், முன்பு வாக்கு கேட்டு வந்த ஒரு உறுப்பினரின் வாசலிலாவது நிற்கலாம். சபை கலைந்த பிறகு எல்லாம் ஜனாதிபதி நியமித்த ஆளுநரின் கையில். அவர் நல்லவராகவே இருக்கட்டும், அவரை மாற்றும் வாக்கு அந்தப் பெற்றோரிடம் இல்லை. இதை யாரும் பெரிதாகக் கேட்பதில்லை என்பதுதான் என் கவலை. பழைய தேர்தல் முறையா, புதிய முறையா, தொகுதி எல்லை நிர்ணயமா என்று பேசியே வருடங்கள் போய்விட்டன. உன் கூட்டாளிகளிடம் கேட்டுப் பார், மாகாண சபை இல்லாமல் இருப்பது எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது என்று.

உன்னைப் பயமுறுத்த எழுதவில்லை, மகள். நீ நம்பிக்கையோடு இருப்பது எனக்குச் சந்தோஷம். அந்த நம்பிக்கையோடு இதையும் கேள், உன் வேலைத்தள ஆட்களோடும் பேசு.

சரி, ஒரு வேலை இருக்கிறது. கிராம சேவகர் வாக்காளர் இடாப்புப் படிவம் கொண்டுவந்திருக்கிறார். உன் பெயரை இங்கேயே போடட்டுமா, இல்லை கொழும்பு முகவரியில் பதிகிறாயா? இரண்டிலும் இல்லாமல் விட்டுவிடாதே. ஞாயிற்றுக்கிழமைக்குள் அப்பாவுக்கு அழைத்துச் சொல்.

அன்புடன்,
அம்மா