'செட்' என்றால் 'வை', அவ்வளவுதானா?

ஐயா,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் ஆங்கிலம் கற்றுத்தரும் பத்தியில், "செட் என்றால் வை. இதை மனப்பாடம் செய்தால் போதும்" என்று படித்தேன். என் பேரனும் படித்தான். மறுநாளே வீட்டுப்பாடத்தில் 'தி சன் செட்ஸ்' என்பதை 'சூரியன் வைக்கிறது' என்று எழுதினான். எதை, எங்கே வைக்கிறது என்று பத்தி எழுதியவரைத்தான் கேட்க வேண்டும்.

ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியின் 1989ஆம் ஆண்டுப் பதிப்பில் இந்த மூன்றெழுத்துச் சொல்லுக்குப் பொருள்கள் 430. விளக்கம் மட்டும் சுமார் 60,000 சொற்கள். பிற்பாடு 'ரன்' அதை முந்திவிட்டது. வினைச்சொல்லாக மட்டுமே 645 பொருள்கள். தொகுதி என்ற பொருளில் வரும் 'செட்' லத்தீனில் பிறந்து பிரெஞ்சு வழியாக வந்தது, 'வை' என்னும் வினையோடு பிறந்ததே அல்ல. இதெல்லாம் தாங்கள் அறியாததல்ல.

நான் 31 வருடம் பள்ளியில் ஆங்கிலம் நடத்தியவன். அதை விடுங்கள். போன மாதம் எங்கள் வீட்டு மாடியில் கான்கிரீட் போட்ட கொத்தனார், "இன்னும் செட் ஆகலை ஐயா, மிதிக்காதீங்க" என்றார். அவர் ஆங்கிலம் படித்ததில்லை. மைக்செட்காரர், பம்புசெட் ரிப்பேர் பார்ப்பவர், "நமக்குச் செட் ஆகாது மாமா" என்று தனிக்குடித்தனம் போன என் மருமகள், எல்லோருக்கும் ஒன்றுக்கு மேல் தெரிந்திருக்கிறது.

ஒரு சொல்லுக்குப் பல பொருள் இருப்பது தங்கள் பத்திரிகைக்கு என்றுமே பிடித்ததில்லை. மூன்று வருடம் முன்பு குறுக்கெழுத்தில் 'அளக்க உதவும், இரண்டெழுத்து' என்று கேட்டிருந்தீர்கள். 'படி' என்று எழுதினேன். குறுக்கே இடிக்கும் எழுத்தும் கிடையாது. விடை 'நாழி' என்று போட்டீர்கள். படி என்றால் மாடிப்படி மட்டும்தான் போலிருக்கிறது. ஓய்வூதியக்காரன் காத்திருக்கும் பஞ்சப்படியும் கணக்கில் வராது. பரிசாக அறிவித்த டம்ளர் செட் இப்போது யார் வீட்டில் இருக்கிறதோ. அதுபற்றி எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் பதில் இல்லை. தங்களுக்கு ஆயிரம் வேலை, சரி.

இப்போது பரிசெல்லாம் கேட்கவில்லை. வரும் ஞாயிறு, அதே இடத்தில், இரண்டு வரித் திருத்தம் போட்டால் போதும். பேரன் அந்தப் பத்தியை வெட்டி மேசைமேல் ஒட்டி வைத்திருக்கிறான். நான் சொன்னால், "பேப்பர்லயே போட்டிருக்கு தாத்தா" என்கிறான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்,
திண்டிவனம்.