கல்லறைச் சிலுவையில் எழுதும் பெயர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் கிறிஸ்தவ ஓவியர்களைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். மாதாவுக்குச் சேலை கட்டி வரைந்ததற்காகச் சொந்த ஊர் கோவாவிலேயே வசவு வாங்கிய ஓவியர் ஆஞ்சலோ த ஃபொன்சேகாவை (1902–1967) நினைவூட்டியதற்கு நன்றி. எங்கள் பெங்களூரு சிவாஜி நகர் மரியன்னை பேராலயத்தில் மாதா சேலையில்தான் நிற்கிறாள். செப்டம்பர் 8 திருவிழாவில் அவள் தேரின் பின்னால் நடந்தே வளர்ந்தவன் நான். அந்த வசவுக்குக் காரணம் எனக்கு இன்னும் விளங்கவில்லை.

கட்டுரையின் பிற்பாதியில்தான் எனக்கு இடறியது. கலைஞன் தன் படத்தை விற்று, வந்த பணத்தை அநாதை இல்லத்துக்குக் கொடுப்பதே பிறரன்புப் பணி என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். இறைவனுக்காகச் செய்த வேலைக்குக் கூலி கேட்பது விசுவாசக் குறைவு என்றும் சொல்கிறார். இரண்டையும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

நான் ஓவியன் இல்லை. கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதிப் பிழைத்தவன். தமிழ், கன்னடம், ஆங்கிலம் மூன்றும் கைக்கு வரும். ஃபிளெக்ஸ் வந்த பிறகு தொழில் போய்விட்டது. அது எல்லோருக்கும் தெரிந்த கதை.

மிச்சம் இருப்பது நவம்பர் 2, கல்லறைத் திருநாள். அதற்கு முந்தைய பத்து நாள்களும் ஓசூர் ரோடு கல்லறைத் தோட்டத்தில் இருப்பேன். வசதி உள்ளவர்கள் கிரானைட்டில் பெயரை வெட்டி வைத்துவிடுகிறார்கள். மற்றவர்களுக்குச் சிமென்ட் சிலுவை, அதுவும் இல்லாதவர்களுக்கு மரச்சிலுவை. ஒரு மழைக்காலம் போனால் பெயர் பாதி அழிந்துவிடும், இரண்டு போனால் சிலுவை மட்டும் நிற்கும். யாருடையது என்று தெரியாமல் வரிசை வரிசையாகத் தேடும் கிழவிகளைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு நான் காசு வாங்காமல் எழுதிக் கொடுக்கிறேன்.

சிலுவையின் குறுக்குக் கட்டை ஒன்றரை அடிகூட இருக்காது. அதில் ‘ஞானப்பிரகாசம்’ என்று எழுதிப் பாருங்கள். ஆங்கிலம் என்றால் எழுத்தை ஒடுக்கிவிடலாம். தமிழில் ‘ஞா’வும் ‘ணை’யும் தங்களுக்கு உரிய இடத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளும். சாக்பீஸ் பொடி தடவிய நூலைச் சுண்டிக் கோடு போட்டு, எழுத்தை எண்ணி, நடுவிலிருந்து இரண்டு பக்கமும் பிரித்துக்கொண்டால்தான் கடைசி ‘ம்’ கட்டைக்கு வெளியே தொங்காமல் இருக்கும். எனாமலில் டர்பன்டைன் கூடினால் ஒழுகும், குறைந்தால் பிரஷ் இழுக்காது. ஏழை வீட்டுச் சிலுவைதானே என்று கை தளர்ந்தால் அது தெரிந்துவிடும். அந்த வீட்டார் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். எனக்குத்தான் வீடு வந்து சேரும்வரை உறுத்தும்.

இந்த ஆண்டு ஒரு பாட்டி கணவர் பெயரைத் தமிழில் எழுதச் சொன்னார். உடன் வந்த பேரனுக்குக் கன்னடமும் ஆங்கிலமும்தான் படிக்கத் தெரியும். “நாளைக்கு நான்தானே தாத்தாவைத் தேடி வரவேண்டும்” என்றான். அவன் கேட்டதிலும் நியாயம் இருந்தது. மேலே தமிழிலும் கீழே சிறியதாகக் கன்னடத்திலும் எழுதினேன். பாட்டி எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, ஈரம் காயும்வரை முந்தானையால் ஈ விரட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

விவிலியத்தில், திருத்தூதர் பணிகள் 9ஆம் அதிகாரத்தில் யோப்பா ஊர்த் தபித்தா இறந்துபோகிறாள். பேதுரு வந்ததும் கைம்பெண்கள் அழுதபடி, அவள் தங்களுக்குத் தைத்துக் கொடுத்த உடைகளை எடுத்துக் காட்டுகிறார்கள். துணியை விற்று வந்த பணத்தை அவள் தர்மம் செய்ததாக அங்கே எழுதவில்லை. அவள் தையல் நேராக அவர்கள் உடம்புக்குப் போயிருக்கிறது. பணம் கொடுப்பதை நான் குறைத்துப் பேசவில்லை. 1876–78 தாது வருடப் பஞ்சத்தில் மாயூரத்தில் முன்சீபாக, அதாவது நீதிபதியாக இருந்த கிறிஸ்தவப் புலவர் வேதநாயகம் பிள்ளை தன் கைப்பொருளைக் கொட்டிக் கஞ்சி வார்த்தார். பஞ்சத்தைத் தீர்க்கச் சொல்லி இறைவனிடம் முறையிட்டுக் கீர்த்தனைகளும் எழுதினார். நந்தன் சரித்திரம் பாடிய கோபாலகிருஷ்ண பாரதியாரே அவரைப் புகழ்ந்து பாடியிருக்கிறார். பாட்டும் கஞ்சியும் ஒரே மனிதரிடமிருந்து வந்தன.

இனிக் கூலி விஷயம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பங்குக் கோயிலில் திருவிழாவையொட்டி, இயேசுவின் பாடுகளைக் காட்டும் சிலுவைப்பாதையின் 14 தலங்களுக்கும் வண்ணம் தீட்டி, கீழே வாசகம் எழுத அழைத்தார்கள். பதினாறு நாள் வேலை. முடிந்ததும் ஒரு சால்வை போர்த்தி, “ஆண்டவருக்குத்தானே செய்தீர்கள்” என்றார்கள். அதே திருவிழாவுக்குச் சீரியல் விளக்குப் போட்டவருக்கும் பந்தல்காரருக்கும் அன்றிரவே கணக்குத் தீர்த்தார்கள். அந்தச் சால்வையை என் மனைவி தையல் மெஷினுக்கு உறையாகப் போட்டிருக்கிறாள். வேலையாள் தன் கூலிக்கு உரியவன் என்று லூக்கா நற்செய்தி 10ஆம் அதிகாரத்தில் சொன்னவர் இயேசுவேதான். பாட்டியின் சிலுவையை இலவசமாக எழுதுவது நானாக எடுத்த முடிவு. பங்கு என்னைக் கேட்காமல் என் பதினாறு நாளைக் காணிக்கையாக எழுதிக்கொண்டது வேறு. கட்டுரையாளர் இரண்டையும் ஒரே தட்டில் வைத்துவிட்டார்.

ஒரு வேண்டுகோள். எனக்கு 69 வயது, வலது கை நடுங்கத் தொடங்கியிருக்கிறது. பெங்களூரில் தமிழ் எழுத்து அழகாக வரும் பிள்ளைகள் இருந்தால் அடுத்த அக்டோபர் கடைசி வாரம் கல்லறைத் தோட்ட வாசலுக்கு வரட்டும். பிரஷும் கறுப்பு எனாமலும் நான் கொண்டுவருகிறேன். எந்த மதத்துப் பிள்ளையானாலும் சரி. ‘ழ’வின் வால் எங்கே முடிய வேண்டும் என்பதை மட்டும் முதல் நாள் சொல்லிக் கொடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
பெயர்ப்பலகை எழுதிய வாசகர்,
சிவாஜி நகர், பெங்களூரு.