"புகை இல்லைங்க, தூள்" என்று சொன்ன அம்மாவுக்கு

அன்று அந்த வளைவில் எங்கள் கார் விபத்தில் சிக்கியபோது வண்டியை ஓரங்கட்டிவிட்டு ஓடிவந்த எல்லோருக்கும்,

நடந்தது உங்களுக்கே தெரியும், திரும்ப எழுதவில்லை. காரில் இருந்த அத்தனை பேரும் தேறி வருகிறோம்.

நன்றியில் பெரும்பங்கு, பெயர்கூடச் சொல்லாமல் போய்விட்ட அந்த அம்மாவுக்கு. "தீ! தீ! வெளியே இழுங்க!" என்று நாலு பேர் கதவைப் பிடித்தபோது, "இது புகை இல்லைங்க, ஏர்பேக் தூள். இழுக்காதீங்க" என்றீர்களே, அந்த ஒரு சொல்லுக்கு.

ஏர்பேக் விரியும்போது கூடவே வெள்ளைத் தூள் பறக்கும். மடித்த பை ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்கத் தூவும் டால்க் அல்லது சோளமாவு அது. பையை ஊதவைக்கும் மருந்து எரிந்த வாடையும் சேர்ந்துகொள்ளும், பட்டாசு வெடித்த மாதிரி. மூடிய காருக்குள் பார்த்தால் யாருக்கும் தீ என்றுதான் தோன்றும். ஆனால் தூள் ஓரிரு நிமிடத்தில் அடங்கிவிடும். தீப்புகையோ நேரம் ஆக ஆகத் திரண்டு கறுக்கும், பெரும்பாலும் பானட் இடுக்கிலிருந்து கிளம்பும், பிளாஸ்டிக் கருகும் நாற்றம் வரும். உண்மையிலேயே தீ என்றால் கழுத்தில் அடியா என்று பார்த்துக்கொண்டிருக்க முடியாது, இழுத்தே ஆகவேண்டும். இல்லாத தீக்குப் பயந்து அக்குளில் கைகொடுத்து இழுத்தால், கழுத்தெலும்பில் விரிசல் கண்ட ஆளுக்குத் தண்டுவடமே போய்விடலாம்.

பிறகு நீங்கள் செய்தவற்றிலும் அதே நிதானம். தூள் வெளியேறக் கதவுகளைத் திறந்தீர்கள். ஆஸ்துமாக்காரருக்கு அது மூச்சை அடைக்கும். இக்னிஷனை அணைக்கச் சொன்னீர்கள். அணைத்தால் எரிபொருளைத் தள்ளும் பம்ப் நிற்கும். பட்டன் ஸ்டார்ட் வண்டி என்பதால் சாவியைத் தூரமாகக் கொண்டுபோகச் சொன்னதை என்னவென்று சொல்ல! விரியாத பக்கவாட்டு ஏர்பேக் அருகே யாரையும் குனியவிடவில்லை. அணைத்த பிறகும் சிறிது நேரம் அதில் மின்சாரம் தங்கியிருக்கும். பின்சீட்டில் ஏறி, அடிபட்டவரின் தலையை இரு கையாலும் அசையாமல் பிடித்தீர்கள், காதை மூடாமல். காது அடைபட்டால் பேச்சைக் கேட்கத் தலையைத் திருப்பப் பார்ப்பார்கள். பேசுகிறவரையும் நேர் முன்னால் நிறுத்தினீர்கள். தண்ணீர் கேட்டபோது உதட்டை நனைத்ததோடு சரி.

பின்னால் வரும் வண்டிகளை எச்சரிக்கும் முக்கோணத்தைத் தூக்கிக்கொண்டு வளைவுக்கு அந்தப் பக்கம் ஓடிய தம்பி, ரத்தம் வழிந்த இடத்தில் துணியை அழுத்தி, அது நனைந்ததும் எடுத்துப் பார்க்காமல் மேலேயே இன்னொன்றை வைத்து அழுத்தியவர், எந்தத் திசைப் பாதை, எத்தனை பேர், யாருக்கு நினைவில்லை என்று ஆம்புலன்ஸுக்குத் தெளிவாகச் சொன்னவர், யார் மேல் தப்பு என்ற சண்டையை முளையிலேயே அடக்கிய பெரியவர், எல்லோருக்கும் கைகூப்பு.

அந்த முக்கோணம் டிக்கியில் பெட்டிகளுக்கு அடியில் கிடந்தது எங்கள் வெட்கம். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடியில் 28 மீட்டர் கடந்துவிடும். பெட்டியை இறக்கிக்கொண்டிருக்க நேரமில்லை. பின்னால் இடிபட்டிருந்தால் டிக்கியே திறந்திருக்காது. இனி அது முன்சீட்டின் முதுகில் கட்டியிருக்கும்.

வண்டிகளை நகர்த்துமுன் படம் எடுத்தவரிடம் மட்டும் இன்னும் ஓர் உதவி கேட்க வேண்டும். தூரத்திலிருந்து நான்கு மூலை, பிறகு நம்பர் பிளேட், டயர் தேய்ந்த தடம், முன்சக்கரம் திரும்பியிருந்த கோணம், கண்ணாடி சிதறிய இடம் என்று வரிசையாக எடுத்திருக்கிறீர்கள். மெசேஜில் சாதாரணப் படமாக வந்ததால் எடுத்த நேரமும் இடமும் அதிலிருந்து போய்விட்டன, படமும் சுருங்கிவிட்டது. அசலை அழித்துவிடாதீர்கள். டாக்குமெண்டாக இன்னொரு முறை அனுப்பிவையுங்கள். சேதத்தை மதிப்பிடும் காப்பீட்டு சர்வேயர் அதைத்தான் கேட்கிறார்.