வண்டிக்குள் பெய்த மழை

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. நம் காருக்குள் எப்படித் தண்ணீர் வந்தது என்று போன ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நீ கேட்டதற்கு என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. அடுப்பில் பால் இருந்தது, நீயும் அவசரத்தில் இருந்தாய். பொங்கலுக்கு வந்து வண்டியைக் கோயம்புத்தூருக்கு ஓட்டிக்கொண்டு போகப் போகிறவன் நீ என்பதால், உள்ளே தண்ணீர் வந்ததையும் அதை நிறுத்திய விதத்தையும் விவரமாகவே எழுதிவிடுகிறேன்.

ஐப்பசி அடைமழையில் ஒரு நாள் காலை, முன் இருக்கையில் இடதுபுறம் கிடந்த ரப்பர் மிதியடியைத் தூக்கினேன். அடியில் கார்ப்பெட் குளித்துவிட்டு வந்த துண்டு போல ஊறியிருந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தெருவில் நின்ற தண்ணீர் அடிவழியாக ஏறி, வடிந்த பிறகு சேற்றையும் சாக்கடை நாற்றத்தையும் விட்டுச் சென்றது உனக்கு நினைவிருக்கும். இந்த முறை தெருவில் கணுக்கால் அளவுகூட நீர் நிற்கவில்லை. உள்ளே வந்த தண்ணீரும் தெளிவாக இருந்தது. ஆகவே மேலிருந்துதான் இறங்குகிறது என்று அன்றே முடிவு செய்தேன்.

அப்பா ஒரு கடைக்கு எடுத்துச் சென்றார். அங்கிருந்தவர் ஐந்து நிமிடம்கூடப் பார்க்காமல், முன் கண்ணாடியின் ஓரம்தான் என்று சொல்லி, சுற்றிலும் சிலிக்கான் பசையைப் பிதுக்கிவிட்டு 800 ரூபாய் வாங்கிக்கொண்டார். அடுத்த மழைக்கு அதே இடத்தில் அதே தண்ணீர். காடி வாடை அடிக்கும் அந்த வகை சிலிக்கான் காயும்போது அமிலம் கக்கும். பெயிண்ட் போன தகட்டில் பட்டால் துருவுக்கு நாமே வழிவிட்டது போலாகும். அதைச் சுரண்டி எடுக்க எனக்கு ஒரு முழு மாலை ஆயிற்று.

அதன் பிறகு வண்டியை யாரிடமும் கொடுக்கவில்லை. மழைநீரே அல்லாத தண்ணீரும் அதே இடத்தில் சேரக்கூடும் என்பதால் முதலில் அதைத் தீர்த்துக்கொண்டேன். ஏசியிலிருந்து வெளியே சொட்ட வேண்டிய நீர் அதன் குழாய் அடைத்துக்கொண்டால் உள்ளே வழியும். எஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்ட் கசிந்தால் விரலில் பிசுபிசுக்கும், இனித்த வாடையும் நிறமும் இருக்கும். மூன்று நாள் வண்டியைத் தொடாமல் மழையில் நிறுத்தியபோதும் ஈரம் கூடிக்கொண்டே போனதால் இரண்டும் இல்லை என்று ஆயிற்று.

நம் வாசலில் நிற்கும் தூங்குமூஞ்சி மரத்தை நீ அறிவாய். முன் கண்ணாடிக்கும் பானெட்டுக்கும் நடுவே வைப்பர்கள் உட்கார்ந்திருக்கும் கறுப்பு பிளாஸ்டிக் மூடியின் சல்லடையில் அதன் பொடி இலைகள் தாராளமாக நுழைகின்றன. மூடியைக் கழற்றியபோது, வருடக்கணக்கில் மட்கிய இலைகள் கறிவேப்பிலைத் துவையல் போலக் கறுத்துத் திரண்டு, தண்ணீர் வடிய வேண்டிய ஓட்டைகளை முழுவதும் அடைத்திருந்தன. வடிய வழியில்லாத தண்ணீர் அங்கே தொட்டி போலத் தேங்கி, வெளிக்காற்றை உள்ளிழுக்கும் துவாரத்தின் விளிம்பைத் தாண்டி, காற்றை உள்ளே ஊதும் ப்ளோயர் வழியாக இடதுபுறத் தரைக்கு இறங்கியிருக்கிறது. இரண்டு கைப்பிடி எடுத்து வெளியே போட்டேன். ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றியதும் அது முன் சக்கரத்தின் பின்னால் கொட்டியதைப் பார்த்தபோது, பல்விளக்கும் தொட்டியின் அடைப்பு எடுபட்ட நிம்மதி.

ஆனால் ஈரம் குறைந்ததே தவிர நிற்கவில்லை. எனவே ஓஸ் வைத்துப் பார்த்தோம். அப்பா டார்ச்சுடன் உள்ளே குனிந்து உட்கார்ந்தார். நான் அழுத்தமில்லாமல், மழை வழிவது போல, கீழிருந்து தொடங்கி ஒவ்வோர் இடத்திலும் ஐந்து நிமிடம் நின்று மேலே போனேன். முதலிலேயே கூரையில் ஊற்றிவிட்டால் தண்ணீர் எல்லா வழியிலும் ஓடி, எது குற்றவாளி என்று தெரியாமல் போய்விடும். கதவைச் சுற்றியுள்ள ரப்பர் பட்டையான பீடிங்கில் சந்தேகம் வந்தபோது, செய்தித்தாள் துண்டைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தி இழுத்துப் பார்த்தேன். எல்லா இடத்திலும் இறுக்கமாகப் பிடித்தது, புது பீடிங் வாங்கும் செலவு மிச்சம். கதவடியில் கால் வைத்து ஏறும் ஓரத்தைத் துடைத்து முகப் பவுடரைத் தூவினேன். அடுத்த முறை கதவுக் கண்ணாடி மேல் தண்ணீர் விட்டதும் அந்த வெண்மையில் நூல் அளவுக்கு ஒரு கருங்கோடு, கதவின் உள்பலகைக்கு அடியிலிருந்து கார்ப்பெட்டை நோக்கி இறங்கியது. "வந்துவிட்டது" என்று அப்பா கத்தியதில் எதிர்வீட்டார் வெளியே வந்துவிட்டார்கள்.

கண்ணாடி ஏறி இறங்கும் இடைவெளி வழியாக மழைநீர் கதவுக்குள் போவது குறையே அல்ல. போகும் என்று தெரிந்தேதான் கதவைச் செய்கிறார்கள். உள்பலகைக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாள் அந்த நீரைக் கதவுக்குள்ளேயே தடுத்து, அடியிலுள்ள ஓட்டைகள் வழியாக வெளியேற்றும். மூன்று வருடத்துக்கு முன் பவர் விண்டோ பழுதுபார்த்தபோது யாரோ அந்தத் தாளைக் கிழித்துவிட்டு அப்படியே மூடியிருக்கிறார்கள். போதாக்குறைக்கு அடி ஓட்டைகளும் மண்ணால் அடைந்திருந்தன. அவற்றை ஈர்க்குச்சியால் குத்தி எடுத்தேன். கம்பி வேண்டாம், பெயிண்டைக் கீறிவிடும். செம்பட்டை நிறத்தில் ஒரு குவளை தண்ணீர் கொட்டியது. புதுப்பேட்டை உதிரிபாகக் கடைகளில் கேட்டு, காயாமல் பசையாகவே இருக்கும் பியூட்டைல் டேப் ஒரு சுருள் வாங்கி வந்து, கனமான பாலித்தீன் தாளைக் கதவின் அளவுக்கு வெட்டி, கீழ் விளிம்பு கதவுக்குள் செருகி நிற்கும்படி ஒட்டினேன். இதற்கு ஆன செலவு அந்தச் சிலிக்கானுக்குக் கொடுத்ததில் பாதிகூட இல்லை.

காய வைப்பதுதான் பெரும்பாடு. மேலே தொட்டால் கார்ப்பெட் உலர்ந்தது போலத் தோன்றும், அடியிலுள்ள பஞ்சு மெத்தையை அழுத்தினால் பிழியப் பிழிய வரும். அதை அப்படியே மூடினால் பூஞ்சையும் தரைத்தகட்டில் துருவும் நிச்சயம். இருக்கையைக் கழற்றி, கார்ப்பெட்டைத் தூக்கி நிறுத்தி, அடியில் டேபிள் ஃபேனை நான்கு நாள் ஓடவிட்டோம். தகட்டில் இரண்டு இடத்தில் லேசான துரு தெரிந்தது. தேய்த்துப் பிரைமர் அடித்திருக்கிறேன்.

இடதுபுறக் கார்ப்பெட்டை இன்னும் பொருத்தவில்லை, வேண்டுமென்றேதான். உன் குடியிருப்பிலும் மரத்தடியில்தான் நிறுத்த இடம் என்றாய். மாதம் ஒரு முறை அந்த மூடியின் ஓரத்தில் இலையைப் பொறுக்கிவிடு. நீ வந்ததும் இன்னொரு முறை தண்ணீர் விட்டுப் பார்த்த பிறகு பொருத்திக்கொள்ளலாம். ஓஸை நீ பிடி, உள்ளே நான் உட்கார்ந்துகொள்கிறேன். அப்பாவின் முழங்காலுக்கு இனி அது ஆகாது.

அன்புடன்,
அம்மா